நாடியும் மாத்திரையும்: துடிப்பை அளந்த வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கல்முனை முதல் பொத்துவில் வரை கடலுக்கும் வயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையோர ஊர்களில், நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் வைத்தியமுறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்துள்ளது. பரிகாரியார் என்றும் ஹக்கீம் என்றும் மக்கள் அழைத்த வைத்தியர், கண்ணை மூடிச் சிறிது நேரம் மௌனமாக இருந்து, பின் தம் முடிவைக் கூறுவார். இன்று அதே மணிக்கட்டில் ஸ்மார்ட் கைக்கடிகாரம் அமர்ந்திருக்கின்றது. அதன் அடிப்புறத்திலிருந்து வரும் பச்சை ஒளி தோலினூடாகச் சென்று குருதியின் எழுச்சியையும் தாழ்ச்சியையும் அறிகின்றது. அதுவும் சிறிது நேரம் மௌனமாக இருந்து, பின் ஓர் எண்ணைக் காட்டுகின்றது. 'இதயத்துடிப்பு இடைவெளி மாறுபாடு' என்பது அவ்வெண்ணின் பெயர்.

விரலுக்கும் ஒளிக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரத்து முந்நூறு ஆண்டு வரலாறு உள்ளது. அவ்வரலாற்றை வெறும் கருவிகளின் முன்னேற்றமாகக் காண்பது பொருந்தாது. நாடி கூறும் செய்தியை யார் வாசிக்கின்றார், அவ்வாசிப்பைப் பிறர் சரிபார்க்க முடியுமா என்ற வினாவே அவ்வரலாற்றின் உயிர்நாடியாகும். கடிகாரம் காட்டும் எண்ணோடு அமையாது, அவ்வெண்ணுக்கு அடிப்படையான மூலத்தரவை, அதாவது துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளிகளின் வரிசையைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற இன்றைய கோரிக்கையும் இவ்வினாவின் தொடர்ச்சியே எனலாம்.

கரையோரத்தில் சந்தித்த இரு மரபுகள்

கிழக்கிலங்கையின் முஸ்லிம் குடியிருப்பு வரலாற்றில் 1626ஆம் ஆண்டு முக்கியமானது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அம்பாறை மாவட்டம் 1961இல் தனியே பிரிக்கப்படும்வரை கல்முனையும் அதன் அயலூர்களும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன. இங்கு முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு இருப்பதே இதற்குப் போதிய சான்றாகும்.

இவ்வயல்மை காரணமாக இரு வைத்திய மரபுகள் இங்கு ஒரே மொழியில் வழங்கின. ஒன்று, வாதம், பித்தம், ஐயம் என்னும் முக்குற்றங்களை அடிப்படையாகக் கொண்ட தமிழ்ச் சித்த வைத்தியம். மற்றையது, குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களைக் கொண்டு நோயை விளக்கும் யுனானி வைத்தியம். யுனானி என்ற சொல்லே கிரேக்கத்தைக் குறிப்பது. கிரேக்கத்தில் தோன்றி, பக்தாதில் அரபு மொழியில் வளம்பெற்ற அறிவு இந்து சமுத்திர வணிகத்தோடு இலங்கைக்கும் வந்தது. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன், இங்கிருந்த முஸ்லிம்கள் கலென், அரிஸ்ரோட்டில் ஆகியோரின் நூல்களது அரபு மொழிபெயர்ப்புப் பகுதிகளைத் தம்மிடம் கொண்டுவந்து காட்டியதாக 1827இல் வெளியான கடிதமொன்றில் குறிப்பிட்டுள்ளார். 1929இல் கொழும்பில் தொடங்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றையும் கற்பித்தது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் இம்மூன்றையும் தன்னுள் அடக்கியது. ஆகவே, இக்கரையோரத்தின் நாடிமரபு தனித்து ஒதுங்கிய ஒரு கிராமிய வழக்கன்று. உலக வைத்திய வரலாற்றின் ஒரு கிளையாகும்.

மாத்திரை என்னும் அளவு

சித்த வைத்தியர் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றால் முறையே வாத, பித்த, ஐய நாடிகளை உணர்வர். ஆணுக்கு வலக்கையும் பெண்ணுக்கு இடக்கையும் பார்ப்பது மரபு. வாதநாடி அன்னம், மயில் போன்றும், பித்தநாடி ஆமை, அட்டை போன்றும், ஐயநாடி தவளை, பாம்பு போன்றும் நடக்கும் என நாடிநூல்கள் கூறும். இவ்வுவமைகள் வேகத்தை மட்டும் குறிப்பன அல்ல. நடையைக் குறிப்பன என்பது அவதானிக்கத்தக்கது. தவளையின் நடையில் ஒரு பாய்ச்சலும் ஓர் ஓய்வும் உண்டு. அட்டை சுருங்கி நீண்டு செல்லும்.

இந்நாடிகளின் இயல்பான அளவை வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, ஐயம் கால் மாத்திரை என வகுத்தனர். மாத்திரை என்ற இச்சொல் தமிழ் மாணவருக்குப் புதியதன்று. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கொண்டு எழுத்தின் ஒலியளவைத் தொல்காப்பியம் வகுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என அமைந்த அந்த அளவே வைத்தியத்தில் நாடியின் அளவாகவும் வழங்கியது. உடலைக் கொண்டு காலத்தை அளந்த சமுதாயம், அதே அளவினால் உடலையும் அளந்தது.

இது தமிழருக்கு மட்டும் உரிய சிந்தனையன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ், நாடியின் எழுச்சியையும் தாழ்ச்சியையும் செய்யுளின் குறில் நெடில் போன்று பகுத்தார். நீர்க்கடிகாரம் ஒன்றினால் நாடியை எண்ணினார் என்றும் கூறப்படுகின்றது. அவர் வழிவந்த சிந்தனையைக் கலென் விரித்தார். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா தமது 'கானூன்' என்னும் பெருநூலில் நாடியைப் பத்து இயல்புகளால் ஆராய்ந்தார். அளவு, வலிமை, வேகம், நாளத்தின் மென்மை, வெப்பம், ஓய்வுநேரம் முதலியன அவற்றுட் சில. துடிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துள்ளனவா, ஒவ்வாதுள்ளனவா என்பது இன்னொன்று. ஒவ்வாதன எனின், அந்த ஒவ்வாமையிலேனும் ஓர் ஒழுங்கு உண்டா என்பது அதையடுத்து வருவது. அதாவது, ஒழுங்கின்மையை அவர் ஒழுங்குள்ள ஒழுங்கின்மை என்றும் ஒழுங்கற்ற ஒழுங்கின்மை என்றும் இரண்டாகப் பகுத்தார். நாடியில் இசையின் தன்மை உண்டு என்றும் அவர் கருதினார்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்றைய விஞ்ஞானம் கூறுவதை அன்றே இப்னு ஸீனாவும் சித்தரும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது வரலாறாகாது. துடிப்புகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதையும் அவ்வேறுபாடு பொருளுடையது என்பதையும் அவர்கள் உணர்ந்தனர்; அவ்வளவே. அவர்கள் உணர்ந்தது விரலோடு நின்றது. இரு வைத்தியர் ஒரே நாடியை வெவ்வேறாகக் கூறின், யார் சொன்னது சரி என்று தீர்க்க எந்தத் தடயமும் எஞ்சவில்லை. கணத்தில் தோன்றிய சான்று கணத்திலேயே மறைந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கும் சென்றது வைத்தியரின் விரற்பழக்கமே அன்றி, நோயாளியின் நாடியன்று.

விரலிலிருந்து வரைகோட்டுக்கு

இந்நிலையில் முதல் மாற்றம் இத்தாலியில் நிகழ்ந்தது. பதுவாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சன்தோரியோ, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நாடிமானி' ஒன்றை அமைத்தார். நூலில் தொங்கும் குண்டு ஊசலாடும். அதன் ஆட்டம் நோயாளியின் நாடியோடு ஒன்றும்வரை நூலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வர். பின் அந்நீளத்தைக் குறித்துக்கொள்வர். நாளை வேறொருவர் வந்து அதே நீளத்தோடு ஒப்பிடலாம். நாடி, முதன்முறையாக வைத்தியரின் விரலைவிட்டு வெளியே வந்தது. இக்கருவியின் படத்தை அவர் 1625இல் வெளியிட்ட நூல், இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலுக்கு அவர் எழுதிய உரை என்பது குறிப்பிடத்தக்கது. முஸ்லிம்கள் மட்டக்களப்பில் குடியேற்றப்படுவதற்கு ஓராண்டு முன்னர், அவர்தம் வைத்திய மரபின் மூலநூல் ஐரோப்பாவில் அளவியலின் பிறப்புக்குக் களமாக இருந்தது.

1707இல் ஆங்கில வைத்தியரான ஜோன் புளோயர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் நாடிக்கடிகாரம் ஒன்றைப் பற்றி நூல் எழுதினார். நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்ற கணக்கு இதன்பின் நிலைபெறலாயிற்று. இது பெரும் ஆதாயம். ஆயினும், இதில் ஓர் இழப்பும் உண்டு. பத்து இயல்புகள் ஒன்றாகச் சுருங்கின. நிமிடம் என்ற பெரிய படியில் அளந்தபோது, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடுகள் அப்படிக்குள் கரைந்து போயின.

அவற்றை மீட்டவை வரைகருவிகளே. 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் நாளத்தில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்ததைக் கண்டார். மூச்சோடு குருதியமுக்கம் மாறுவதையும் கவனித்தார். 1847இல் கார்ல் லுட்விக் தாம் அமைத்த சுழலும் உருளையில், மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி விரைவதையும் வெளிவிடும்போது தளர்வதையும் கோடாகப் பதிந்தார். 1860இல் மாரே மணிக்கட்டில் கட்டும் நாடிவரைவியை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான ஐந்தோவன் இதயத்தின் மின்னோட்டத்தையே வரைந்து, 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் பிற வைத்தியசாலைகளிலும் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. அவர் பணியின் வழிவந்ததே.

வரைகோட்டின் சிறப்பு அதன் நுட்பத்தில் மட்டும் இல்லை. அதை வரைந்தவர் இறந்த பின்னும் கோடு எஞ்சியிருக்கும். ஒருவர் கூறிய முடிவை மற்றொருவர் அக்கோட்டை எடுத்து மறுக்கலாம்.

இடைவெளியின் பொருள்

இதயம் மணிக்கூடு போன்று சீராகத் துடிப்பதில்லை. இதயத்தின் கணு ஒன்று துடிப்பைத் தொடக்குகின்றது. பரிவு நரம்புத்தொகுதி அதை விரைவுபடுத்துகின்றது. பராபரிவு நரம்புத்தொகுதியைச் சேர்ந்த வேகஸ் நரம்பு அதைத் தளர்த்துகின்றது. இவ்விரண்டின் இழுபறியே இடைவெளிகளில் தெரிகின்றது. 1960களில் ஹொன், லீ ஆகியோர், துன்பத்துக்குள்ளான கருவின் துடிப்பு வேகம் மாறுவதற்கு முன்னரே இடைவெளிகளின் போக்கு மாறுவதைக் கண்டனர். 1987இல் கிளைகர் குழுவினர், மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரின் 24 மணிநேரப் பதிவுகளை ஆராய்ந்தனர். இடைவெளிகளின் சிதறல் 50 மில்லிசெக்கனுக்குக் குறைந்தோர் இறக்கும் அபாயம், 100க்கு மேற்பட்டோரினும் 5.3 மடங்கு என அவர்கள் அறிவித்தனர். 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியலறிஞர்களின் கூட்டுக்குழு இவ்வளவீட்டுக்கு நியமங்களை வகுத்தது.

மூலத்தரவு ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். அடுத்தடுத்த நான்கு இடைவெளிகள் 800, 850, 790, 860 மில்லிசெக்கன் எனக் கொள்வோம். சராசரி 825; நிமிடத்துக்கு ஏறத்தாழ 73 துடிப்பு. அடுத்தடுத்த வேறுபாடுகள் 50, 60, 70. இவற்றை வர்க்கித்துச் சராசரி கண்டு வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 61 வரும். 'ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.' எனப்படும் அளவு இதுவே. இனி அதே நான்கு எண்களை 790, 800, 850, 860 என வரிசை மாற்றினால், சராசரி மாறாது, 'எஸ்.டி.என்.என்.' எனப்படும் மொத்தச் சிதறலும் மாறாது. ஆனால், ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 30 ஆகக் குறைகின்றது. அசை மாறினால் சீர் மாறுவது போல, வரிசை மாறினால் பொருள் மாறுகின்றது.

மூன்றாவதாக, கை அசைந்ததால் கடிகாரம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது எனக் கொள்வோம். கடைசி இரு இடைவெளிகளும் ஒன்றாகி 1650 ஆகிவிடும். அப்போது அவ்வளவு ஏறத்தாழ 567 எனக் காட்டும். நோயும் இல்லை, நலமும் இல்லை, ஒரு துடிப்பு விடுபட்டது, அவ்வளவே. மேலும், மாறுபாடு மிகுந்திருப்பதெல்லாம் நலமன்று. இதய மேலறை நடுக்கத்திலும் இடைவெளிகள் பெரிதும் மாறும், அது நோய். மூச்சோடு இசைந்து ஏறி இறங்கும் மாறுபாடு ஒழுங்குள்ள ஒழுங்கின்மை; மேலறை நடுக்கம் ஒழுங்கற்ற ஒழுங்கின்மை. இப்னு ஸீனாவின் அப்பாகுபாடு இங்கு மீண்டும் உதவுகின்றது. இவ்விரண்டையும் ஒற்றை எண் வேறுபடுத்திக் காட்டாது. இடைவெளிகளின் வரிசையே காட்டும்.

கடிகாரத்தின் நான்கு படிகள்

மணிக்கட்டுக் கருவிகளின் வரலாறு அண்மையது. ஒளியால் குருதியோட்டத்தை அறியும் முறையை ஹேர்ட்ஸ்மன் 1930களில் வளர்த்தார். 1977இல் பின்லாந்தில் தோன்றிய போலார் நிறுவனம், 1982இல் நெஞ்சுப்பட்டியிலிருந்து கம்பியின்றிச் செய்திபெறும் கைக்கடிகாரத்தை விளையாட்டு வீரருக்கென வெளியிட்டது. 2015இல் ஆப்பிள் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. 2018இல் அதில் ஈ.சி.ஜி. வசதியும் சேர்ந்தது.

இக்கடிகாரங்களில் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, ஒளியலை. இரண்டாவது, அவ்வலையின் உச்சங்களைக் கண்டு பெறும் இடைவெளிகள். மூன்றாவது, இடைவெளிகளிலிருந்து கணித்த எண். நான்காவது, அவ்வெண்ணிலிருந்து நிறுவனம் தன் சூத்திரத்தால் தரும் தீர்ப்பு: 'மன அழுத்தம் அதிகம்', 'உடல் தேறியுள்ளது' என்பன போன்றவை. அணிந்தவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் படிகளே. ஆப்பிள் கடிகாரம் எஸ்.டி.என்.என். அளவைத் தருகின்றது, ஃபிட்பிட், கார்மின் முதலியன ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. அளவைக் கொள்கின்றன. இரண்டும் 'மாறுபாடு' என்ற ஒரே பெயரால் வழங்குவதால், சாய்ந்தமருதில் ஒருவர் கையில் 38 என்றும் மருதமுனையில் அவர் மைத்துனர் கையில் 61 என்றும் காட்டினால், இருவரும் ஒப்பிட்டுக் கலங்கவோ களிக்கவோ இடமில்லை. அவ்வாறே, ஒரு நிமிடப் பதிவில் வந்த 45 என்ற எண்ணை, கிளைகர் ஆய்வின் 24 மணிநேர 50 உடன் ஒப்பிட்டு அஞ்சுவதும் தவறு. அளந்த கால நீளம் வேறானால் எண்ணும் வேறு.

நான்காம் படியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவரின் வாழ்க்கைமுறை அச்சூத்திரத்துக்குத் தெரியாது. ரமழான் மாதத்தில் ஸஹர் உணவுக்காக எழும் இவ்வூர் மக்களின் இரவு இரு கூறாகின்றது. உணவு வேளையும் மாறுகின்றது. அத்தகைய இரவின் எண்ணைத் தடையற்ற உறக்கத்தின் எண்ணோடு ஒப்பிட்டு வரும் தீர்ப்பு எவ்வளவு பொருந்தும்? இடைவெளிகள் நேரக்குறிப்போடு கையில் இருந்தால், ஸஹருக்கு முந்தியதையும் பிந்தியதையும் அவரோ அவரது வைத்தியரோ பிரித்துப் பார்க்கலாம். தீர்ப்பு மட்டும் இருந்தால், நம்புவதோ விடுவதோ அன்றி வேறு வழியில்லை.

மூலத்தரவு முற்றிலும் எட்டாத ஒன்றன்று. புளூடூத் முறையின் பொது நியமத்தில், இடைவெளியை ஒரு செக்கனின் 1024இல் ஒரு பங்கு அலகில் அனுப்புவதற்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. நெஞ்சுப்பட்டிகள் பல இவ்வழியாக எவரது செயலிக்கும் தம் தரவைத் தருகின்றன. ஆப்பிள் கடிகாரத்தின் ஏற்றுமதிக் கோப்பிலும் மாறுபாட்டு எண்ணின் கீழ் துடிப்பு விபரங்கள் காணப்படுகின்றன. எனினும், எல்லாக் கருவிகளும் இவ்வாறு திறந்தனவல்ல.

முடிவுரை

காதல்நோயுற்ற இளைஞன் ஒருவனின் நாடியில் விரலை வைத்தபடி இப்னு ஸீனா ஊர்ப்பெயர்களையும் தெருப்பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூறச்செய்து, நாடி திடுக்குற்ற இடத்தைக் கொண்டு அவன் காதலியைக் கண்டறிந்தார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீக நூலொன்று கதை சொல்கின்றது. கதை மெய்யோ அன்றோ, அதன் உட்பொருள் மெய். வாய் மறைப்பதை நாடி கூறிவிடும். ஆனால், அக்கதையில் விரலை வைத்தவர் இளைஞனின் கட்டிலருகே இருந்தார். அவர் யார் என்பது அவன் உறவினருக்குத் தெரியும். இன்றோ, நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ உறங்கும் ஒருவரின் நாடி கடல்கடந்த கணினியில் சேர்கின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகக் கொண்டு, தன்னைப் பற்றிய தரவை அணுகும் உரிமையையும் வகுத்துள்ளது. சட்டம் வகுத்த உரிமையை மக்கள் கேட்டுப் பெறும்போதே அது உயிர்பெறும்.

விரலால் அறிந்த காலத்தில் தடயம் இல்லை. அறிமுகமான வைத்தியர் இருந்தார். வரைகோட்டின் காலத்தில் தடயமும் இருந்தது. அதை எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்ற நிலையும் இருந்தது. தீர்ப்பை மட்டும் காட்டி இடைவெளிகளை மறைக்கும் கருவி, தடயம் இருந்தும் இல்லாத நிலையை உண்டாக்குகின்றது. அது பரிகாரியாரின் மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்மீதிருந்த பரிச்சயத்தை விட்டுவிட்டது. சன்தோரியோ அளந்த நூலின் நீளத்தை மறுநாள் வேறொருவர் ஒப்பிட முடிந்தது. அதே வசதி, அம்பாறைக் கரையோரத்தில் ஒரு கைக்கடிகாரத்தை அணிந்திருப்பவருக்கும் வேண்டும். தன் நாடியின் மாத்திரைக் கணக்கு அவர் கையிலும் இருக்க வேண்டும்.